மீன் எண்ணெய் பூசிய வண்டி

சந்தியாகு ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று அடம்பிடிப்பதாக ரோஸ்லின் போனில் சொன்னபோது, நான் வாசலில் நின்று என் ஜீப்பை முறைத்துக்கொண்டிருந்தேன். ஜீப்பும் என்னை முறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பேருக்கும் வேறு வேலை இல்லை.

"உங்க வண்டி வந்தா தான் போவேன்னு சொல்றாருண்ணா. செவ்வாக்கெழமையும் போவல. கால் ரெண்டும் வீங்கிக் கெடக்குது. படுத்தா மூச்சு வாங்குது. வெள்ளிக்கெழமையும் போவலன்னா இன்னா ஆவும்னே தெரியல."

"போனை அவன்கிட்ட குடும்மா."

"குடுத்தா வாங்க மாட்டேங்கறாரு."

வாங்க மாட்டான். வாங்கினால் நான் எப்படித் திட்டுவேன் என்று அவனுக்குத் தெரியும்.

சந்தியாகு லைட்ஹவுஸ் குப்பத்தில் கடல் தொழில் செய்தவன். ரோஸ்லின் அவன் மனைவி. நான் அனுப்பம்பட்டுப் பக்கம் நெல் போடுகிறவன். கடலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஏலத்தில் எடுத்த இந்தப் பழைய டீசல் ஜீப்தான் எங்களைச் சேர்த்துவைத்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, மணலில் புதையாது. வயலில் வேலை இல்லாத மாதங்களில் குப்பத்துக்கு ஓட்டிப்போய்ப் படகுகளைக் கரையில் இழுத்துப் போடுவேன், மீன் கூடைகளைத் தார் ரோடு வரைக்கும் ஏற்றி வருவேன். முதல் நாள் இழுத்தது சந்தியாகுவின் படகை. கயிற்றைத் தப்பாகக் கட்டிவிட்டேன் என்று குப்பமே பார்க்க என்னைத் திட்டினான். நானும் விடவில்லை. மத்தியானம் அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன்.

போன வருஷம் அவனுக்குக் கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். அவன் வீடு மணலுக்குள் இருக்கிறது. ஆட்டோ தார் ரோட்டோடு நின்றுவிடும், அங்கே வரைக்கும் அவனால் நடக்க முடியாது. ஆகவே என் ஜீப். இங்கிருந்து குப்பத்துக்குப் போய், அவனை ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்கு வந்து, முடியும் வரைக்கும் காத்திருந்து, திரும்பக் கொண்டுபோய் விட்டு, வீடு வந்து சேர்ந்தால் முதுகு என்னுடையதாக இருக்காது. முதலில் அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இப்போது திங்கட்கிழமை ராத்திரியே உடம்பு கனக்க ஆரம்பித்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை அவனை அழைத்துவரப் போகும் வழியில், பழவேற்காட்டுப் பாலத்துக்கு முன்னாலேயே வண்டி இருமியது. நின்றது. ஸ்டார்ட் செய்தால் நாலு மூச்சு விடும், மறுபடி படுத்துக்கொள்ளும். டிராக்டர் வைத்து வீட்டுக்கு இழுத்து வந்தேன். சொல்லிவிடுகிறேன், டிராக்டர் பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தபோது எனக்கு 'அப்பாடா' என்றுதான் இருந்தது. அவன் அண்ணன் மகன் வின்சென்ட் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றிவிடுவான், ஒரு நாள் எனக்கு ஓய்வு என்று நினைத்தேன். தூக்க வந்த வின்சென்ட்டைக் காலால் உதைத்தானாம் சந்தியாகு. வீங்கின காலால்.

வியாழக்கிழமை காலை பொன்னேரியிலிருந்து மெக்கானிக் விமல் பைக்கில் வந்தான். நல்ல வேலைக்காரன், ஆனால் வாய் ஓயாது, போனும் ஓயாது. ஜீப்புக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்தவன் அதே வேகத்தில் வெளியே உருண்டு வந்தான்.

"இன்னாண்ணா இது? மீன் மார்க்கெட்டுக்கு அடியில படுத்த மாதிரி கீது. ஒரே கலீஜ்."

"மீன் எண்ணெய்டா. துருப் பிடிக்காம இருக்கப் பூசறது."

"ஜீப்புக்கா?"

"ஜீப்புக்குத்தான்."

அது சந்தியாகுவின் வேலை. மரப்படகு வைத்திருந்த காலத்தில் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் படகுக்கு மீன் எண்ணெய் பூசுவார்கள். உப்புத் தண்ணீர் மரத்தைத் தின்னாது. பிறகு ஃபைபர் படகு வந்தது. ஃபைபருக்கு எண்ணெய் தேவையில்லை. ஆனால் சந்தியாகுவின் கை சும்மா இருக்காது. என் ஜீப் அவன் கண்ணில் பட்டது. ஐப்பசி பிறந்தால் டின்னில் எண்ணெயும் தேங்காய் நார்க் கற்றையுமாக வந்து, அடியில் புகுந்து, சேஸ் என்கிற அடிச்சட்டம் முழுக்க அப்பிவிட்டுப் போவான். "அடியில தண்ணி அடிக்காதே, எண்ணெய் போயிடும்," என்பது அவன் உத்தரவு. நானும் அடித்ததில்லை. ஊரில் மற்ற வண்டிகள் துருவேறிக் கொட்டுவதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். என் மனைவி திரௌபதி மட்டும் வண்டியை வாசலில் நிறுத்தாதே, மீன் வாடைக்குப் பூனைகள் வந்து தொல்லை தருகின்றன என்று வருஷா வருஷம் சண்டை போடுவாள்.

விமல் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனான். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டும் சத்தம் கேட்டது. கறுப்பாகக் கட்டி கட்டியாக விழுந்தது. ஒரு கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். எண்ணெயும் மணலும் இறுகிப்போன கட்டி. உடைத்தால் உள்ளே ஈரம்.

"நக்கிப் பாருண்ணா. உப்பு கரிக்கும்."

நக்கவில்லை. புரிந்துவிட்டது.

"எண்ணெய் தப்பில்ல. மெல்லிசா பூசி, வருசத்துக்கு ஒரு வாட்டி நல்லாக் கழுவிட்டு மறுபடி பூசினா ஷோக்கா இருந்திருக்கும். நீங்க கழுவவே இல்லாம மேல மேல அப்பிக்கினே இருந்துகிறீங்க. கடக்கரை மணலு எல்லாம் அதுல ஒட்டிக்கிச்சு. ஈரம் காயவே இல்ல. டீசல் லைன் அதுக்குள்ள தான் போவுது, பாரு."

டார்ச் அடித்துக் காட்டினான். பின்னால் டேங்கிலிருந்து முன்னால் எஞ்சின் வரைக்கும் சேஸ் ஓரமாக இரண்டு இரும்புக் குழாய்கள் ஓடுகின்றன. ஒன்று டீசலைக் கொண்டுபோவது. மற்றொன்று மிச்ச டீசலைத் திருப்பிக் கொண்டுவருவது. கட்டியை உதிர்த்த இடத்தில் குழாய் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளம்தான் இருந்தது. விமல் விரலால் அழுத்தினான். அப்பளமாக நொறுங்கியது.

"ஊசி ஊசியா ஓட்டை. டீசல் வெளியே சொட்டறதுக்கு முன்னாடி காத்து உள்ள பூந்துடுது. அதான் வண்டி நிக்குது. ரெண்டு லைனும் புதுசா போடணும்ணா. ஒட்டுப் போடற வேலையே இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் அப்போதே குப்பத்துக்குப் போய் அவன் கழுத்தைப் பிடித்திருப்பேன். போக வண்டி இல்லை என்பதுதான் பேஜார்.

"அவர் நல்லதுக்குத்தானே பண்ணாரு," என்றாள் திரௌபதி, மோர்ச் சொம்போடு வந்து.

"நல்லதுக்குத்தான். அவன் உடம்புக்கும் அப்படித்தான் எதையாவது பண்ணித் தொலைச்சிருப்பான்."

சொன்ன பிறகு வாயைக் கடித்துக்கொண்டேன். திரௌபதி சொம்பை விமலிடம் நீட்டினாள்.

புதுக் குழாய் இரும்பு வேண்டாம், செம்பே போடலாம் என்றான் விமல். சுருளாகக் கொண்டுவந்திருந்தான். பழையதைக் கழற்றுவதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் உயிர் போனது. நட்டுகள் துருவோடு ஒன்றாகிப் போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி, காத்திருந்து, சுத்தியால் தட்டி, ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி தோலுரிந்தது. கிளாம்புகள் ஒன்றுகூட முழுதாக வரவில்லை. மல்லாந்து படுத்திருக்கும்போது மேலேயிருந்து மணலும் எண்ணெயும் துருவும் கண்ணிலும் வாயிலும் விழுந்தன. நக்காமலே உப்பு கரிப்பது தெரிந்துவிட்டது.

டேங்கிலிருந்து வருகிற குழாயைப் பொருத்தி முடித்தபோது விமலுக்குப் போன் வந்தது. கும்மிடிப்பூண்டி ரோட்டில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம்.

"ரிட்டர்ன் லைன் ஈஸி தாண்ணா. வளைச்சு வெச்சிட்டேன். ரெண்டு முனையையும் மாட்டி, புது வாஷர் போட்டு டைட் பண்ணிட்டு, காத்தை எடுத்துடு. உனக்குத் தெரியாததா?"

"டேய், பாதியில டபாய்க்காதே."

அவன் பைக் அதற்குள் தெருமுனையில் இருந்தது.

வெயில் சாய்கிற வரைக்கும் தனியாகவே கிடந்தேன். உயரத்தில் மாட்டக் கையைத் தூக்கினால் தோள் நடுங்கியது. நடுவில் சாக்கின்மேல் அப்படியே கண்ணை மூடிவிட்டேன். தூங்கவில்லை. இப்படியே படுத்திருந்தால் என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டி சரியாகவில்லை என்று ரோஸ்லினிடம் சொன்னால் போதும். பொய்கூட இல்லை, பாதி உண்மை. அப்புறம் அவன் மூச்சு வாங்குவது ஞாபகம் வந்தது. எழுந்து ஸ்பேனரை எடுத்தேன்.

காற்றெடுக்கத் திரௌபதியைக் கூப்பிட்டேன். ஃபில்டர் தலையில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, எஞ்சின் பக்கத்துக் கைப்பம்பை நான் அடிக்க வேண்டும், நுரை நின்று வெறும் டீசல் வரும்போது அவள் சொல்ல வேண்டும்.

"நுரை வருது. வருது. இன்னும் வருது."

அடித்தேன். கட்டைவிரல் மரத்துப்போனது.

"ஆட்டோவுல போவ மாட்டேன்னு சொல்ற அளவுக்கு இந்த ஓட்டை வண்டி மேல அவருக்கு இன்னா அவ்ளோ ஆசை?" என்றாள், கண்ணை நுரையிலிருந்து எடுக்காமல்.

"ஆசையெல்லாம் இல்ல."

"பின்ன?"

நான் பம்ப் அடிப்பதை நிறுத்தினேன். அதுவரைக்கும் நான் அதை யோசிக்கவே இல்லை. இத்தனை மாதமாக ஒரு நாளும் அவன் தானாக விரும்பி வண்டியில் ஏறியதில்லை. ரோஸ்லின் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் என்று ஏற்றிவிடுவோம். என் வண்டிதான் வேண்டும் என்று அவன் சொல்ல ஆரம்பித்ததே, வண்டி நின்றுபோன பிறகுதான். மறுபடி பம்பை அடித்தேன்.

"நின்னுடுச்சு," என்றாள் திரௌபதி. "வெறும் டீசலு வருது."

ஸ்க்ரூவை இறுக்கிச் சாவியைத் திருப்பினேன். இருமியது, கறுப்பாகப் புகைந்தது, பிடித்துக்கொண்டது. திரௌபதி கைதட்டினாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பாலத்தைத் தாண்டி, கலங்கரை விளக்கத்தைத் தாண்டி, மணலில் இறங்கினேன். வண்டி ஒரு தடவைகூட மூச்சுத் திணறவில்லை. சந்தியாகு வீட்டுக்கு முன்னால் கவிழ்த்துப் போட்டிருந்த ஃபைபர் படகின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முகம் உப்பியிருந்தது. ஜீப் சத்தம் கேட்டு ரோஸ்லின் உள்ளேயிருந்து ஓடிவந்தாள், ஓடிவரும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவனோ என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தான். முகம் விழுந்துவிட்டது.

"அதுக்குள்ள ரெடி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. ஏறு."

"இன்னிக்கு வேணாம்டா. செவ்வாக்கெழமை பாத்துக்கலாம்."

ரோஸ்லின் சாப்பாட்டுப் பையை எடுத்துவர உள்ளே போயிருந்தாள். நான் அவன் முன்னால் குந்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை, மறுபடி பிடிக்குமோ பிடிக்காதோ என்ற பயம்.

"வண்டி ஏன் நின்னுச்சு தெரியுமா? நீ பூசின எண்ணெயால. உள்ளயே உப்பைச் சேத்து வெச்சு டீசல் லைனைத் தின்னுடுச்சு. நேத்து பூரா அடியில மல்லாந்து கெடந்து உன் எண்ணெயைத் தான் தின்னேன்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது.

"படகுக்கு நல்லாத்தானடா இருந்துச்சு."

"படகுல டீசல் பைப்பு எங்கடா ஓடுது?"

"கழுவி இருக்கலாமில்ல நீ?"

"கழுவாதேன்னு சொன்னவன் யாரு?"

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் கத்தினோம். பழைய மாதிரி இருந்தது. ஆனால் அவனுக்குச் சீக்கிரமே மூச்சு தீர்ந்துபோனது. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"எனக்கு அலுத்துப்போச்சு, வேணு," என்றான் தரையைப் பார்த்து. "ஊசி, மெஷினு, திரும்பி வந்து ஒரு நாளு படுக்கை. எழுந்து உக்காந்தா மறுபடி நீ வந்து நிக்கிற. வண்டி நின்னுச்சுன்னு சொன்னப்ப தூங்கினேன்டா. எவ்ளோ நாளைக்கப்புறம்."

"எனக்கும் தான் அலுத்துப்போச்சு."

"அப்புறம் வண்டிய ஏன்டா சரி பண்ணே?"

"என் வண்டியால நீ செத்தேன்னு இருக்கக் கூடாது. அதான்."

அவன் என் விரல் முட்டியில் உரிந்திருந்த தோலைப் பார்த்தான். கையை நீட்டினான், தூக்கிவிடச் சொல்லி. "உன் கையி இந்த கதியில கீது. இன்னிக்கு வரலன்னா ஊருக்கெல்லாம் சொல்லிக் காட்டுவே," என்றான். நான் ஒரு பக்கமும் ரோஸ்லின் ஒரு பக்கமுமாக முன் சீட்டில் ஏற்றினோம். ரோஸ்லின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

மணலைத் தாண்டித் தார் ரோட்டில் ஏறுவதற்குள் அவள் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். மூன்று ராத்திரியாகத் தூங்கியிருக்க மாட்டாள் என்று கண்ணாடியில் பார்த்தாலே தெரிந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, மடியில் சாப்பாட்டுப் பை. பாலத்துக்குக் கீழே ஏரியில் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, பறி என்கிற ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சந்தியாகு அவர்களையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"வேணு."

"இன்னா?"

"ஒரு நாளு நெசமாவே முடியாதுன்னு சொல்லுவேன். இன்னிக்கு மாதிரி இல்ல. அன்னிக்கு நீ வண்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு."

"யாருகிட்ட?"

தலையைத் திருப்பாமல் கட்டைவிரலால் பின்னால் காட்டினான்.

"நான் வரலன்னு சொன்னா அவ தாங்க மாட்டா. நான் போதலியா, என்னை வுட்டுட்டுப் போறாரேன்னு சாவற வரைக்கும் கேட்டுக்கினே இருப்பா. வண்டி வரலன்னா பழி வண்டி மேல போவும். வண்டிக்கு இன்னா?"

"வாயை மூடிக்கினு வா."

"மூடிக்கறேன். நீ சொல்லுவியா?"

நான் கியரை மாற்றினேன். மாற்ற வேண்டிய இடமே இல்லை அது. எஞ்சின் உறுமியது, ரோஸ்லின் தூக்கத்திலேயே பையை இறுக்கிக்கொண்டாள். அவன் மறுபடி கேட்கவில்லை. பொன்னேரி வரைக்கும் நான் ரோட்டைத்தான் பார்த்தேன். கண் கலங்கிக் கலங்கி வந்தது, துடைத்தால் தெரிந்துவிடும் என்று அப்படியே ஓட்டினேன். அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் பதிலுக்கு அவன் காத்திருப்பது மட்டும் பக்கத்து சீட்டில் பாரமாக இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் ரோஸ்லின் திடுக்கிட்டு எழுந்தாள்.

"வந்துட்டோமா? பாருங்களேன், தூங்கிட்டேன்." இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு முன்பக்கம் வந்தாள். தூங்கி எழுந்ததில் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "ரெண்டு பைப்பும் புதுசா போட்டுட்டீங்களாண்ணா? இனிமே வண்டி நிக்காது இல்ல?"

சந்தியாகு ஒரு காலைக் கீழே வைத்து, சுற்றி வந்து நின்ற என் தோளைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்தான். அப்படியே நின்றான்.

செம்புக் குழாய். என் கையால் இறுக்கிய நட்டு. நான் இருக்கிற வரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகாது.

"பழைய வண்டிம்மா," என்றேன். "எப்ப நிக்கும்னு சொல்ல முடியாது."

தோளில் இருந்த கை ஒரு தடவை அழுந்தியது. பிறகு அவன் மறுகாலையும் கீழே வைத்து, சாப்பாட்டுப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டாயே என்று ரோஸ்லினிடம் சொன்னான்.